எங்கள் கடையின் உலகப் புகழ்

என் மகளின் செல்லப்பெயரை எங்கேயும் எழுத்தில் போடக் கூடாது என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். வழக்கு முடியும்வரை வீட்டில் கூப்பிடலாம், சாப்பிட வரச் சொல்லலாம், திட்டலாம். எழுதினால் மட்டும் எதிர்த்தரப்பு அதை எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுமாம். ஆகவே அந்தப் பெயர் இங்கே வராது. கடலுக்கு அப்பால் ஒரு குளிர்தேசத்துக் கம்பெனியும் கிட்டத்தட்ட அதே பெயரை வைத்திருக்கிறது, கடைசி எழுத்து மட்டும் வேறு. அதுவும் வராது. பெயர் சொல்லாமல் ஒரு பெயர்ச் சண்டையைச் சொல்லும் வேலை எனக்கு வாய்த்திருக்கிறது.

நான் செங்கல்பட்டில் மேல்நிலை வகுப்புகளுக்கு வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வணிகச் சின்னம் என்றால் என்ன? ஒருவருடைய சரக்கை மற்றவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம். இதைப் பல வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பிள்ளைகள் தூங்குவார்கள், நானும் பாதித் தூக்கத்தில்தான் சொல்வேன். ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று ஒருநாள் கோர்ட்டு அமீனாவோடு என் வீட்டு வாசலுக்கு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் பாடத்தைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தியிருப்பேன்.

மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினிக் கம்பெனியில் இருந்தாள். வார விடுமுறையில் மாமல்லபுரத்தில் பலகை போட்டு அலையில் சறுக்கும் மீனவப் பையன்களிடம் நீச்சல் கற்றாள். அங்கேதான் அவளுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கடலில் நைட்டியோடு இறங்குவார்கள். சுடிதாரோடு இறங்குவார்கள், பட்டுப்புடவையோடு இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். அலை ஒன்று அடித்ததும் நைட்டி காற்றும் தண்ணீருமாக உப்பி, உள்ளே ஒரு கூடை மணலையும் ஏற்றிக்கொண்டு, ஆளைக் கரையில் உருட்டிவிடும். எழுந்ததும் இழுத்துவிட்டுக்கொள்வதிலேயே பாதி நாள் போய்விடும். மகள் வேலையை விட்டாள். முழுக்கை, கணுக்கால்வரை கால், இடுப்பைச் சுற்றி மாமியார் மயங்கி விழாத அளவுக்கு ஒரு பாவாடை மடிப்பு என்று குளிக்கும் உடுப்பு ஒன்றை வடிவமைத்தாள். ஏற்றுமதி ஆடைக் கம்பெனியிலிருந்து நின்றுவிட்ட கருங்குழிப் பெண்கள் அதைத் தைத்துக்கொடுத்தார்கள். மாமல்லபுரத்தில் ஒரு சந்துக்குள், சிற்பக் கடைக்கும் மசாஜ் கடைக்கும் நடுவில் கடை போட்டாள். கடைக்குத் தன் செல்லப்பெயரையே வைத்தாள். சின்னமாக ஒரு கடலாமையை வரைந்தாள். நம் கரையில் முட்டையிட வருகிற ஆமை அது.

அந்தக் கம்பெனியும் குளிக்கும் உடுப்புதான் விற்கிறது. அதன் சின்னமும் ஆமைதான். அவர்களுடையது இடப்பக்கம் பார்க்கும், எங்களுடையது வலப்பக்கம்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டுக்குள் இரண்டும் வரிசையாக வந்தன. முதலில் தபாலில் வந்த வக்கீல் நோட்டீஸை மகள் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து அயர்ன் பாக்ஸுக்குக் கீழே போட்டுவிட்டாள். பிறகு அமீனாவே சம்மனோடு வந்தார். மரியாதையான மனிதர், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் போனபிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த டம்ளரையே நான் நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

செய்தி கேட்டு என் தம்பி கருங்குழியிலிருந்து தன் குட்டியானை லோடு வண்டியிலேயே வந்து இறங்கினான். அந்த வண்டியின் பின்பலகையிலும் அதே செல்லப்பெயர்தான் எழுதியிருக்கிறது. பெயர் வைத்ததே அவன்தான்.

“இன்னாக்கா, எம் மடியில வெச்சித்தான் அதுக்குக் காது குத்துனாங்க. அன்னிக்கு இந்தக் கம்பெனிக்காரன் எங்க போய்கினு இருந்தான்? வந்து ஒரு மொய்யாவது வெச்சானா?”

என் கணவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை. எதையும் தூரத்தில் நின்று, கையுறை போட்டுத் தொடுவதுதான் அவர் பழக்கம். “பேரை மாத்திட்டா முடிஞ்சது” என்றார்.

“அப்பா, அது என் பேரு” என்றாள் மகள். அதற்குமேல் சாப்பிடவில்லை.

கேஸ் போட்டவர்கள் கேட்டது இடைக்காலத் தடை. வழக்கு முடியும்வரை அந்தப் பெயரில் எதுவும் விற்கக் கூடாது. கிடைத்துவிட்டால் கோடை விடுமுறைக்கு முன்னால் கடையை மூட வேண்டும். தைத்து அடுக்கிவைத்த உடுப்பெல்லாம் அப்படியே கிடக்கும். கருங்குழிப் பெண்கள் மறுபடி வேலை தேடிப் போவார்கள். மகள் என்ன ஆவாள் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்காமல் தள்ளிப்போட்டேன்.

வக்கீல் அலுவலகம் செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிரில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். வக்கீலம்மா என்னைவிடச் சின்னவர். சம்மனைப் படித்துவிட்டு, “அவங்க இந்தியாவுல பதிவு பண்ணல. கடையும் கிடையாது” என்றார்.

“அப்ப எப்படிக் கேஸ்?”

“பதிவு இல்லேன்னாலும் போடலாம் மேடம். எங்க பேரு இங்கயும் பிரபலம், அதைப் பாத்து எங்க சரக்குன்னு நம்பி ஜனங்க இவங்ககிட்ட வாங்கி ஏமாறாங்கன்னு சொல்லலாம். ஆனா அவங்க ஊர்ல ராஜாவா இருந்தா போதாது. உங்க பொண்ணு கடை தொறக்கறதுக்கு முன்னாடியே இங்க இருக்கறவங்களுக்கு அந்தப் பேரு தெரிஞ்சிருக்கணும். புகழ் கடல் தாண்டி இங்க வந்து எறங்கியிருக்கணும். அதை அவங்கதான் காட்டணும்.”

எனக்கு மூச்சு வந்தது. மதுராந்தகத்திலும் சிங்கப்பெருமாள் கோயிலிலும் யாருக்கு அந்தப் பெயர் தெரியும்? எனக்கே சம்மனில் பார்த்துத்தான் தெரியும்.

வக்கீலம்மா தாளைப் புரட்டி ஒரு படத்தை என் பக்கம் திருப்பினார். “காட்டியிருக்காங்க” என்றார்.

கடைத் திறப்பு விழாவுக்குச் சந்து முனையில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனர் அது. மகள்தான் ஆசையாகப் படமெடுத்துக் கடையின் இணையப் பக்கத்தில் போட்டிருந்தாள். மேலே கொட்டை எழுத்தில், ‘உலகப் புகழ் பெற்ற’ என்று போட்டு, மகளின் பெயர், அதற்குக் கீழே ‘இப்போது மாமல்லபுரத்தில்!’ அதற்கும் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டு, காதில் போனை வைத்தபடி என் தம்பி. சுற்றிலும் வட்டம் வட்டமாக உறவுக்காரர்கள். அதில் ஒரு வட்டத்தில் இருப்பவர் யாரென்று இன்றுவரை எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஃப்ளெக்ஸ் கடையில் வேறு யார் வீட்டுக் கல்யாணத்திலிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

“இது யாரு மேடம்?”

“என் தம்பி.”

“உலகப் புகழ்னு போடச் சொன்னது?”

“அதே தம்பி.”

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஒரு துணிகூட விக்காத அன்னிக்கு, தொறப்பு விழா அன்னிக்கே, உலகப் புகழ்னு போட்டிருக்கீங்க. அது யாரோட புகழ்? எங்களோடதுதான்னு அவங்க கேக்கறாங்க. ‘இப்போது மாமல்லபுரத்தில்’னா, வேற எங்கயோ இருந்தது இங்கயும் கிளை தொறந்த மாதிரிதானே? இவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்காங்க.”

அங்கிருந்தே தம்பிக்குப் போன் போட்டேன். திட்ட வாயைத் திறக்கும் முன்னால் அவன் முந்திக்கொண்டான்.

“யக்கா, போர்டுன்னா அப்படித்தான் போடுவாங்க. ஃப்ளெக்ஸ் கடைக்காரன் கேட்டான், ‘புகழ் பெற்ற’ போதுமா, ‘உலகப் புகழ் பெற்ற’ போடட்டுமான்னு. ரெண்டும் ஒரே ரேட்டு. நம்ம புள்ளைக்குக் கம்மியாவா போடுவேன்?”

போனின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்ட வக்கீலம்மாவின் முகம் மெதுவாக மாறியது. “உங்க தம்பிய கூட்டிட்டுப் போய், இந்த ஹைவே ரோட்ல உலகப் புகழ்னு எழுதின போர்டு எத்தனை இருக்கோ அத்தனையும் படம் எடுத்துட்டு வாங்க” என்றார். “இங்க அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு கோர்ட்டுக்குத் தெரியட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பெருமாள் கோயிலில் தொடங்கினோம். நான் அந்தச் சாலையில் வாழ்நாள் முழுக்கப் போய்வந்திருக்கிறேன். உலகப் புகழுக்கு நடுவிலேயே குடியிருக்கிறோம் என்று கவனித்ததில்லை. பிரியாணி உலகப் புகழ். அதற்கு எதிர்ப்பக்கப் பிரியாணியும் உலகப் புகழ். கரும்புச் சாறு, பரோட்டா, பைபாஸ் இட்லிக் கடை, பேண்டு வாத்தியம், மெத்தைக்குப் பஞ்சடிப்பவர், எல்லாம் உலகப் புகழ். இன்னும் திறக்காத ஓட்டல் ஒன்று, கதவுகூட மாட்டவில்லை, அதுவும் உலகப் புகழ். பரம்பரை மூல வைத்தியர் ஒருவரின் பலகை முன்னால் போனைத் தூக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. தம்பி அதன் கீழே போய் நின்று கைகட்டிக்கொண்டு, “எடுக்கா, சைஸு தெரியணுமில்ல” என்றான். அந்தப் படமும் அப்படியே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

கருங்குழிக்குச் சற்று முன்னால் ஒரு பஞ்சர் கடை. தகரத்தில் சிவப்புப் பெயின்டால் ‘உலகப் புகழ் பெற்ற பஞ்சர் கடை’ என்று எழுதியிருந்தது. நான் படமெடுப்பதைப் பார்த்துக் கடைக்காரர் எழுந்து வந்தார்.

“எதுக்கும்மா படம் புடிக்கறீங்க? டாக்ஸா?”

“இல்லண்ணாத்த, கோர்ட்டுக்கு” என்றான் தம்பி, சமாதானப்படுத்துகிற நினைப்பில்.

அவர் ஒரு பழைய டயரை எடுத்துப் பலகையின் முதல் பாதியை மறைத்தார். “நான் உலகப் புகழெல்லாம் இல்லம்மா. பெயின்டரு அவனா எழுதிட்டான். பஞ்சர் மட்டும்தான் நம்முது.”

வழக்கு என்னவென்று சொல்லிப் புரியவைக்க ஒரு டீ குடிக்கிற நேரம் பிடித்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார். சரி, உங்கள் உலகம் எதுவரைக்கும் என்று வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

“பஞ்சர் ஆன வண்டிய எதுவரைக்கும் தள்ளிகினு வர முடியுமோ அதுவரைக்கும்.”

“அதுக்கப்பால?”

“அதுக்கப்பால வேற ஒத்தன் கீறான். அவனும் உலகப் புகழு.”

வக்கீலம்மாவிடம் சொன்னபோது இதை அப்படியே எழுதிக் கடைக்காரரின் கையெழுத்தை வாங்கிவரச் சொன்னார். கோர்ட்டில் கையெழுத்து என்றதும் மனிதர் கடையைச் சாத்திவிட்டு எங்கேயோ போய்விட்டார். படம் மட்டும்தான் கிடைத்தது, டயரோடு.

இன்னொரு வேலையும் கொடுத்தார் வக்கீலம்மா. எங்களிடம் வாங்கியவர்களுக்கு அந்த வெளிநாட்டுப் பெயர் தெரியுமா என்று கேட்டுப் பிரமாணப் பத்திரம் வாங்கிவர வேண்டும். மகளும் நானும் போனோம். கல்பாக்கத்தில் ஒரு செவிலியர், திருக்கழுக்குன்றத்தில் நகைக்கடைக்காரர் வீட்டு மருமகள், இப்படிச் சிலர். ஒருவருக்கும் அந்தக் கம்பெனியைத் தெரியவில்லை. எங்கள் பெயரும் தெரியவில்லை.

“அதாங்க, கடல் நைட்டி” என்றார் செவிலியர். “எங்க வார்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றோம். கடல் நைட்டி வாங்கினியா, எங்க வாங்கின, அந்த மசாஜ் கடைக்குப் பக்கத்துல.”

வக்கீலுக்கு இது தேன். மகள் மட்டும் பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெயரைக் காப்பாற்ற ஊரெல்லாம் அலைகிறோம், வாங்குகிறவர்கள் அதை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை.

விசாரணை நாளில் எதிர்த்தரப்புக்குச் சென்னையிலிருந்து ஒரு பெரிய வக்கீல் வந்திருந்தார். வாதம் முழுக்க ஆங்கிலத்தில். இணையம் வந்தபிறகு உலகமே ஒரு கடைத்தெரு, புகழுக்குக் கடவுச்சீட்டு தேவையில்லை என்றார். நன்றாகத்தான் பேசினார், நான்கூட ஒரு நிமிஷம் அவர் பக்கம் சாய்ந்துவிட்டேன். பிறகு பேனர் படத்தை எடுத்தார். தம்பி பின்வரிசையில் இருந்தபடியே சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

எங்கள் வக்கீல் அதிகம் பேசவில்லை. படங்களை எடுத்து மேலே கொடுத்தார். நீதிபதியும் ஒரு பெண். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார்.

“வர்ற வழியில டிபன் சாப்பிட்டீங்களா?” என்று தமிழில், சென்னை வக்கீலிடம் கேட்டார்.

“சாப்பிட்டேன், மை லேடி. பைபாஸ்ல ஒரு...” அவர் தயங்கினார்.

நீதிபதி படத்தைத் திருப்பிக் காட்டினார். “இதுதானே? நானும் அங்க சாப்பிட்டிருக்கேன். இட்லி சுமார்தான். உலகத்துக்கு இன்னும் தகவல் போகலன்னு நினைக்கிறேன்.”

நீதிமன்றத்தில் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இடைக்காலத் தடை இல்லை என்று உத்தரவானது. இங்கே வாங்குகிறவர்களிடம் அந்தப் பெயருக்கு முன்பே புகழ் இருந்ததாக இப்போதைக்குக் காட்டப்படவில்லை. ஏமாந்து வாங்கினார் என்று ஒருவரைக்கூடக் கொண்டுவரவில்லை. வழக்கு நடக்கும், சாட்சியம் பிறகு. அதுவரை மகள் விற்கலாம். சனிக்கிழமைகளில் கடையைப் பார்த்துக்கொள்வது நான்தான் என்பதால் எங்கள் தரப்பில் நானும் ஒரு சாட்சி. தம்பி நீதிமன்ற வாசலிலேயே அல்வா வாங்கி, எதிர்த்தரப்பு வக்கீலின் டிரைவருக்கும் கொடுத்தான். அன்று மகள் இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். நான் போய்ப் பாத்ரூமில் நின்று அழுதுவிட்டு வந்தேன். பயந்தது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமையோ, அதற்கும் அடுத்ததோ. காலையில் கடையில் தனியாக இருந்தேன். வெயிலில் மூக்கு சிவந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள், என்னைவிட மூத்தவர், சந்தில் நடந்து வந்தவர் எங்கள் பலகையில் ஆங்கில எழுத்தையும் ஆமையையும் பார்த்ததும் நின்றார். பிறகு உறவுக்காரர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். நீங்கள் இந்தியாவுக்கும் வந்துவிட்டீர்களா என்றார் ஆங்கிலத்தில். அவர் தங்கை வேறு எதையும் போட்டு நீந்தமாட்டாளாம். குளிர்கால விற்பனையில் வரிசையில் நின்று வாங்குவார்களாம். ஓர் உடுப்பை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்து, இங்கேயும் தையல் அதே மாதிரி நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். தங்கைக்கு அனுப்பப் பலகையைப் படமெடுக்கப் போனை எடுத்தார்.

நான் ஒன்றுமே சொல்ல வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். ஆமாமா இல்லையா என்று எனக்கே தெரியாத மாதிரி தலையாட்ட எனக்கு வரும், தலைமையாசிரியர் கூட்டங்களில் வருஷக்கணக்காகப் பழகியது. நிறம் ஒன்றுக்கு ஒன்று என்று நான்கைந்து வாங்கியிருப்பார்.

“அது வேறு கம்பெனி. இது வேறு” என்றேன். “இது என் மகளின் பெயர்.”

அந்த அம்மாள் ஆமையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “நிச்சயமாகவா?” என்றார். என் மகளைப் பற்றி என்னிடமே கேட்கிறார். நிச்சயம் என்றேன். உடுப்பை ஒழுங்காக மடித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, மன்னிப்பும் கேட்டுவிட்டுப் போனார். கோபமாகப் போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

தம்பிக்குப் போன் போட்டேன்.

“நீ எதுக்குக்கா வாயத் தொறந்த? வெள்ளக்காரம்மா நம்ம ஜனத்துல சேராதில்ல? ஜட்ஜம்மா இங்க இருக்கறவங்களைத்தான சொன்னாங்க?”

“வந்து நின்னது இங்கதானேடா.”

“பேஜாருக்கா உன்னோட” என்று வைத்துவிட்டான்.

வக்கீலம்மாவுக்கும் போன் போட்டேன். ஒரு சுற்றுலாக்காரரை வைத்து வழக்கு கவிழாது என்றார். ஆனால் குறுக்கு விசாரணையில் இப்படி யாராவது வந்தார்களா என்று என்னைக் கட்டாயம் கேட்பார்கள் என்றார். “கேட்டா உண்மையைச் சொல்லுங்க மேடம். கேக்கலேன்னா விட்டுடுங்க.” அந்த ‘கேட்டா’வை நினைத்து அன்று இரண்டு பேருக்குச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன். என் பெண்ணின் கடையை மூட என் வாயே போதும்.

சாயங்காலம் மகள் கடலிலிருந்து ஈரத்தலையோடு வந்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் அதுவரை இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் கொட்டிவிட்டேன்.

“ஏமாந்துட்டாங்களாம்மா?”

“இல்ல. நான்தான் சொல்லிட்டேனே.”

“நீ இல்லாம, மத்த நாள்ல வர்ற அந்தப் பார்ட்-டைம் பொண்ணு இருந்திருந்தா?”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, அந்த அம்மாள் மடித்துவைத்துப் போன உடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நாம யாரையும் பாத்துக் காப்பியடிக்கலம்மா. பேரு என்னுதுதான். ஆனா அவங்க சிரிச்சிக்கிட்டே உள்ள வந்தது என்னைப் பாத்து இல்லையே.”

கொஞ்ச நேரம் கழித்து, தானே சொன்னாள். ஆமையை எடுத்துவிடலாம். பெயர் இருக்கும், அதே அளவு எழுத்தில் கீழே மாமல்லபுரம் என்று வரும், கருங்குழியில் தைத்தது என்றும் வரும். வக்கீல் கேட்டால் தேவையில்லை என்பார், ஆனாலும் செய்யலாம். திங்கட்கிழமை போய்த் தையல்காரப் பெண்களிடம் சொல்ல வேண்டும், தைத்து வைத்ததிலிருந்தெல்லாம் ஆமையைப் பிரிக்கச் சொன்னால் அவர்கள் என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதையும் சொல்லிக் காட்டினாள். அச்சு அசலாக அப்படியே திட்டினார்கள்.

“சாட்சி சொல்லும்போது நான் என்னடி சொல்றது?” என்று கேட்டேன்.

“கேட்டா சொல்லு. கேக்கலேன்னாலும் சொல்லு.”

சொல்லும் நாள் இன்னும் வரவில்லை. கோடை விடுமுறை முடிந்துதான் சாட்சியம் என்கிறார்கள். அதனால் பெயர் தங்குமா, கடை தங்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. வகுப்பில் அந்தப் பாடம் வந்தால் குரல் தானாக ஏறிவிடுகிறது, பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமைகளில் வெளிநாட்டு முகம் ஏதாவது சந்துக்குள் திரும்பினாலே எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, “அது வேறு, இது வேறு” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேர் எதைச் சொல்கிறேன் என்று விளங்காமல் பக்கத்துச் சிற்பக் கடைக்குள் போய்விடுகிறார்கள்.